காம்பு நுனியில் ஒரு மூட்டு

தேன்மொழி சரியாகத்தான் பார்த்தாள். அவள் பார்த்தது தவறு என்று அவளையே நம்ப வைத்தவன் நான்.

இதை இத்தனை சுருக்கமாகச் சொல்லிவிட முடிகிறதே! இவ்வளவு காலம் வாய் திறக்காமல் இருந்ததற்கு எத்தனை காரணங்கள் சேர்த்து வைத்திருந்தேன்... எழுத உட்கார்ந்தால் இரண்டு வரியில் முடிந்துவிட்டது.

இல்லை, முடியவில்லை. எழுந்து போய்விடாதீர்கள். இது ஒரு செடியைப் பற்றியது. செடி என்றதும் பலருக்குக் கொட்டாவி வரும். என் வகுப்பில் தினமும் பார்க்கிறேன். ஆனால் நான் செய்தது என்னவென்று உங்களுக்கு விளங்க வேண்டுமானால், ஓர் இலையின் காம்பைக் கொஞ்ச நேரம் என்னோடு சேர்ந்து நீங்கள் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

என் பெயர் முத்து. தெற்கே தேரிக்காட்டுச் செம்மணலில் பிறந்தவன். இப்போது ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே ஒரு தனியார் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக் கொடுக்கிறேன். இருங்காட்டுக்கோட்டையில், ஆலைத் தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட அறைகளில் கடைசி அறை, ஆய்வு செய்த காலத்திலிருந்தே, என்னுடையது. தேன்மொழி பிள்ளைப்பாக்கத்துக்காரி. அவளும் நானும் ஒரே பேராசிரியரிடம், ஒரே பேரினத்தை எடுத்துக்கொண்டு ஆய்வு செய்தோம். கிலுகிலுப்பை.

நீங்கள் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் பூ, ஊதிப் பருத்த காய். காய் முற்றிக் காய்ந்ததும் விதைகள் உள்ளே கழன்றுகொள்ளும். ஆட்டினால் கிலுகிலுவென்று சத்தம் வரும். சின்ன வயதில் பறித்துக் காதருகே ஆட்டிப் பார்க்காதவர் உண்டா? வயலில் உரத்துக்காக விதைத்து மடக்கி உழுகிறார்களே சணப்பு, அதுவும் இந்தக் குடும்பம்தான். உலகெங்கும் பரவிக் கிடக்கும் பெரிய குடும்பம். இதில் யார் யாருக்கு அக்காள், யார் யாருக்குச் சித்தப்பன் மகள் என்று கண்டுபிடித்துக் குல மரம் வரைவதுதான் எங்கள் வேலை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். எங்களுக்கு அதுவே உயிராக இருந்தது.

உறவு பார்க்கப் பூவின் மூக்கைப் பார்ப்போம்: படகு போலிருக்கும் கீழிதழ் நுனியில் நேராக நீள்கிறதா, திருகிக்கொள்கிறதா? காயின் மேல் மயிர் உண்டா? விதையின் பளபளப்பு எப்படி? பிறகு இலை. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது இலைதான். எனக்குப் பயம் தந்ததும் அதுதான்.

இந்தப் பேரினத்தில் காம்புக்கு மூன்று சிற்றிலைகள் உடையவை உண்டு. ஒற்றை இலை உடையவையும் உண்டு. அந்த ஒற்றை இலையிலும் இரண்டு விதம். ஒன்றில் காம்பு அப்படியே இலையாக விரிந்துவிடும். இடையில் ஒன்றும் இராது. மற்றதில், காம்பு முடிந்து இலை தொடங்கும் இடத்தில் மிகச் சிறிய மூட்டு ஒன்று இருக்கும். லென்ஸ் வைத்தால்தான் தெரியும். அந்த மூட்டு எதற்காக? ஒரு காலத்தில் அங்கே மூன்று இலைகள் இருந்தன. இரண்டு போய்விட்டன. மிஞ்சிய ஒன்று, உடன்பிறந்தவை இருந்த இடத்தை விட்டு நகராமல், அந்த மூட்டின் மேலேயே நின்றுகொண்டிருக்கிறது.

எத்தனை இலட்சம் ஆண்டுகளோ! யாரும் பார்க்காத ஒரு மூட்டில் அந்த நினைவை வைத்துக்கொண்டிருக்கிறதே... முதன்முதலில் இதைப் படித்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பிள்ளைப்பாக்கம் ஏரிக்குப் பின்னால், மனை விற்பனைப் பலகைகள் நட்ட ஒரு தரிசு நிலம். அதன் வரப்பில்தான் தேன்மொழி அந்தச் செடியைக் கண்டாள். பார்வைக்கு எங்கள் தேரிக்காட்டில் மண்டிக் கிடக்கும் கிலுகிலுப்பையேதான். நானாக இருந்தால் தாண்டிப் போயிருப்பேன். அவள் தாண்டவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து, லென்ஸைக் கண்ணோடு ஒட்டவைத்து, வெயிலில் நெடுநேரம் அசையாமல் இருந்தாள்.

"முத்து, இங்க வா. இன்னா இது பாரேன்... மூட்டு கீதுபா!"

பார்த்தேன். இருந்தது. ஒவ்வோர் இலையிலும் இருந்தது.

தேரிக்காட்டுச் செடிக்கு மூட்டு கிடையாது. ஒரே முகம், ஒரே பூ, ஒரே காய். இதற்கு மட்டும் மூட்டு! தேன்மொழி சொன்னாள்: "இவதான் அக்கா. உங்க ஊருக்காரி இவளுக்குப் பின்னாடி பொறந்தவ. மூட்டக்கூட மறந்துட்டா பாரு."

சிரித்தேன். ஆனால் உள்ளே ஒன்று சுருக்கென்றது. ஏனென்றால் என் ஆய்வேட்டில் நான் வரைந்திருந்த மரம் வேறு. தேரிக்காட்டுச் செடியின் கிளைக்கு மூன்று இலை முன்னோரே கிடையாது, அது தனி வழியில் வந்தது என்று எழுதி, அதன் மேல் அத்தியாயங்களைக் கட்டியிருந்தேன். அவள் சொல்வது சரியானால் என் மரம் அடிமரத்தோடு சாயும்.

இதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நான் வேறு காரணம் சொல்வேன். அதுவும் உண்மைதான். ஆனால் இதுவும் உண்மை.

எங்கள் பேராசிரியர் உடனே நம்பவில்லை. நம்பாததில் தவறில்லை, எங்கள் துறையில் அதுதான் முறை. "ஏரியில் என்னென்னவோ கலக்கிறது. மண்ணின் கோளாறால் காம்பு வீங்கியிருக்கலாம். விதையை எடுத்து நம் தோட்டத்து மண்ணில் போடுங்கள். பிள்ளைக்கும் மூட்டு இருந்தால் அது குலத்தின் அடையாளம், இல்லாவிட்டால் மண்ணின் கோளாறு" என்றார்.

தாயிடம் இருப்பது பிள்ளையிடம் வருகிறதா? எவ்வளவு எளிய கேள்வி!

காய்கள் முற்றியதும் தேன்மொழி அத்தனையையும் பறித்து என்னிடம் கொண்டுவந்தாள். நிலம் எப்போது வேண்டுமானாலும் கையை விட்டுப் போகலாம் என்று அவளுக்குத் தெரியும்.

"எங்க வூட்ட இடிச்சிக் கட்டிகினு கீறாங்க. ஒரே தூசி, தண்ணி. உன்னாண்ட குடுத்தா பத்திரமா இருக்கும். நீ கைல எடுத்தது எதுவும் கெடாது."

நீ கையில் எடுத்தது எதுவும் கெடாது... அப்படி என்னிடம் வேறு யாரும் சொன்னதில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? காய்களை நிழலில் உலர்த்தி, உடைத்து, விதையைத் துணிப்பையில் கட்டித் தொங்கவிட வேண்டும். முதலாண்டு மாணவனுக்குத் தெரியும். எனக்கு ஆய்வேடு முடிக்கும் அவசரம். ஈரம் காயாத காய்களை அப்படியே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு இறுக மூடி, கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு மறந்தேன்.

கோடையில் அவள் விதை கேட்டாள். டப்பாவைத் திறந்தேன். புழுங்கிய நாற்றம் முகத்தில் அடித்தது. பூஞ்சை படர்ந்து, வண்டு விழுந்து, எல்லாம் மாவாகக் கிடந்தது. கிளறினால் குட்டிக் குட்டி வண்டுகள் வெளிச்சத்துக்குப் பயந்து ஓடின.

நல்ல விதை ஒன்றிரண்டாவது தேறுமா என்று நான் தேடவில்லை! அவள் கண்ணில் படக்கூடாது என்ற ஒரே நினைப்பு. அறைக்குப் பின்னால், குளியல் தண்ணீர் ஓடும் மண்ணில் அப்படியே கொட்டிக் காலால் மண்ணைத் தள்ளி மூடினேன். போனில் அவளிடம் சொன்னேன்: "நல்லா இருக்கு. ஊருக்குப் போயிட்டு வந்து தாரேன்."

ஏன் சொல்லவில்லை? வெட்கம். அதுதான் நான் சொல்வதாகச் சொன்ன காரணம். கெட்டுப்போய்விட்டது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. வரப்புக்குப் போனால் வேறு காய் கிடைக்காதா என்று ஓடினேன். வரப்பு இல்லை. தரிசு முழுக்கக் கிராவல் கொட்டி, ரோலர் ஓட்டிச் சமன் செய்திருந்தார்கள். கிடங்கு கட்டப் போகிறார்களாம். அந்தச் சிவப்புச் சமவெளியின் நடுவே நான் நின்றுகொண்டிருந்தேன். காற்றே இல்லை. இருந்தும் எங்கேயோ காய் ஆடும் சத்தம் கேட்டது. காதைப் பொத்திக்கொண்டேன், அப்போதும் கேட்டது. பயத்தில் வருகிற பிரமை என்று சொல்லிக்கொண்டேன்.

ஊருக்குப் போனேன். தேரியில் கிலுகிலுப்பை காய்த்துத் தொங்கியது. விதையைக் கையில் கொட்டிப் பார்த்தேன். அதே அளவு, அதே பளபளப்பு, அதே பழுப்பு. வெறுங்கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. லென்ஸுக்கும் தெரியாது. வேறுபாடு அந்த மூட்டில் மட்டும்தான்; மூட்டு விதையில் இராது, இலையில்தான் வரும்...

தெரிந்தேதான் அதை அவள் விதையென்று கொடுத்தேன். உங்களிடம் எதற்கு மறைப்பது? முளைத்தால் மூட்டு இராது என்று எனக்கு நன்றாகத் தெரியும். முளைக்காமலே போகட்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன்.

முளைத்தது. ஒன்று விடாமல் முளைத்தது.

நாங்கள் ஆய்வு செய்த கல்லூரியின் தோட்டத்தில் தேன்மொழி தினமும் பாத்தியருகே உட்கார்ந்து ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்த்ததை நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பேன். முதலில் உற்சாகமாகப் பார்த்தாள். பிறகு அவசரமாக. பிறகு ஒரே இலையை மறுபடி மறுபடி. லென்ஸைத் துடைப்பாள், கண்ணைத் துடைப்பாள், மறுபடி பார்ப்பாள். மூட்டு இல்லை. எந்த இலையிலும் இல்லை.

"தாய்க்கு இருந்துச்சே முத்து... நீயும் பாத்தல்ல?"

"பாத்தேன். மண்ணு கோளாறாத்தான் இருந்திருக்கும் போல."

என் வாயால் சொன்னேன்! அவளுக்கு ஆறுதல் சொல்லும் குரலில்!

பாத்தியில் முளைத்த செடியின் பசிய இலையை மரபணுச் சோதனைக்குக் கொடுத்தாள். தேரிக்காட்டுச் செடியோடு ஒரே கிளையில் கொண்டுபோய் வைத்தது முடிவு. வைக்காமல் என்ன செய்யும்? தாய்ச் செடியை அழுத்தி உலர்த்தி ஒட்டிய தாள் ஒன்று அவளிடம் இருந்தது. அதிலிருந்து சோதிக்க எங்கள் ஆய்வகத்தில் வசதி இல்லை. வெளியே அனுப்பலாமா என்று கேட்டாள். "விதைத்தே பார்த்தாயிற்று. இனி என்ன?" என்றார் பேராசிரியர். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

என் மரம் சாயவில்லை. எனக்குப் பட்டம் கிடைத்தது. தேன்மொழி ஆய்வைப் பாதியில் விட்டுவிட்டு, ஒரகடத்தில் வண்டிகளுக்குச் சிறு பாகங்கள் செய்யும் ஓர் ஆலையில் தரம் பார்க்கும் வேலைக்குப் போனாள். பாகங்களைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து, வெடிப்போ கீறலோ உண்டா என்று பார்க்கும் வேலை. "கண்ணு நல்லாருக்காம், அதான் எடுத்தாங்க" என்று சொல்லிச் சிரித்தாள்.

இதோடு நின்றிருந்தால் ஒருவேளை நான் மறந்திருப்பேன். மனிதன் எதைத்தான் மறப்பதில்லை? ஆனால் அந்தச் செடி என்னை விடவில்லை.

முதலில் கல்லூரித் தோட்டத்து வேலியைத் தாண்டியது. பிறகு சாலையோரம். ஆலைப் பேருந்துகள் நிற்கும் இடத்தில், கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும் திடலில், கம்பி வேலிகளின் அடியில்... நான் தெற்கிலிருந்து பையில் கொண்டுவந்த பொய், இந்த வட்டாரம் முழுக்க மஞ்சளாகப் பூத்தது. காற்றடித்தால் சாலையின் இரு பக்கமும் கிலுகிலுக்கும். வேலைக்குப் போகும் பிள்ளைகள் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு போவார்கள், யாருக்கும் கேட்காது. எனக்கு மட்டும் கேட்கும். போகிற வழியெல்லாம் குனிந்து இலையைத் திருப்பிப் பார்ப்பேன். மூட்டு இல்லை. அடுத்த செடி. இல்லை. அடுத்தது... எதைத் தேடினேன்? ஒன்றிலாவது இருக்க வேண்டும் என்றா? இருந்துவிடக் கூடாது என்றா? இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

பிறகு ஒரு மழைக்காலத்துக்கு முன்னால், எங்கள் அறை வரிசைக்குப் பின்னால் கழிவுநீர்க் கால்வாய் வெட்ட ஜேசிபி வந்தது. மண்ணைப் பிறாண்டிப் புரட்டிப் போட்டது.

இந்தக் குடும்பத்து விதைகளின் தோல் கடினமானது. கீறல் விழாவிட்டால் ஆண்டுக்கணக்கில் மண்ணுக்குள் உறங்கும். கீறல் விழுந்து மழையும் பெய்தால் எழுந்துகொள்ளும். இதைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவன் நான். இருந்தும், என் அறையின் பின்சுவரை ஒட்டி ஒரு முளையைப் பார்த்தபோது, எனக்குச் சட்டென்று உறைக்கவில்லை.

அதில் மூன்று இலைகள் இருந்தன.

கிலுகிலுப்பை நாற்று. ஒரே காம்பில் மூன்று சிற்றிலை. கிலுகிலுப்பையும் சேர்ந்த பயற்றுக் குடும்பத்தில் பெரும்பாலும் குருத்தில் ஒற்றை, வளர வளர மூன்று. இதுவோ தலைகீழ். முதலிரண்டு இலைகள் மூன்று மூன்றாக வந்தன. அதற்கு மேலே வந்தவை எல்லாம் ஒற்றை. காணாமல்போன இருவரும் ஒரு தடவை வெளியே எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள்! வீட்டுக்குள் ஓடிப்போய் லென்ஸை எடுத்துவந்தேன். காம்பின் நுனியில், இலை தொடங்குமிடத்தில்...

மூட்டு இருந்தது.

வண்டு தின்னாத விதை ஒன்று இருந்திருக்கிறது. நான் தேடாமல் கொட்டிய ஒன்று. இது எங்கள் தோட்டத்து மண்ணும் இல்லை, ஏரி மண்ணும் இல்லை. என் குளியல் தண்ணீர் குடித்து வளர்ந்த செடி. இதற்கு மூட்டு இருக்கிறதென்றால் அது மண்ணின் கோளாறே இல்லை. குலத்தின் அடையாளம்தான். தேன்மொழி சொன்ன அக்காள், வெயிலில் என் பின்சுவரில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

அன்றே நான் தேன்மொழிக்குப் போன் செய்திருக்க வேண்டும். 'கெட்டுப்போனதை மறைத்தேன், வேறு விதை தந்தேன், மன்னித்துவிடு, உடனே வா' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பூக்கட்டும் என்று தள்ளிப்போட்டேன். பூத்தது. காய்க்கட்டும் என்றேன். காய்த்தது. ஒவ்வொரு தவணைக்கும் எனக்கு ஒரு நியாயம் கிடைத்தது.

நண்பகல்தான் எங்கள் வரிசையில் ஆள் அரவமற்ற நேரம். பகல் ஷிப்ட் போனவர்கள் போயிருப்பார்கள். இரவு ஷிப்ட் முடித்து வந்தவர்கள் கதவை அடைத்துக்கொண்டு தூங்குவார்கள். அந்த வெறிச்சோடிய வெயிலில் பின்சுவருக்கு அப்பால் ஆரம்பிக்கும். கிலுகிலு... கிலுகிலு... அசையும் கொடித்துணி எதுவும் இராது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும் எனக்குச் சோறு இறங்காது.

பிரமை என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. வாடகை வாங்க வந்த வீட்டுக்கார அம்மா கேட்டார்: "இன்னா சார், உன் ரூமாண்ட ஏதோ கிலுகிலுன்னுகினே கீது? எலி கிலி பூந்துக்கிச்சா? காத்துகூட இல்ல..."

"செடிம்மா" என்றேன்.

"வூட்டாண்ட இதெல்லாம் வெச்சிக்காத. புடுங்கிப் போடு."

நான் பிடுங்கவில்லை. அப்போது பிடுங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேன்மொழி போன் செய்தாள். இந்தப் பக்கம் வந்தாளாம், பஸ் ஸ்டாப்பில் நிற்கிறாளாம், என்னைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று வருகிறாளாம். நடந்து வர எவ்வளவு நேரம் ஆகும்! போனை வைத்தேன். பின்பக்கம் ஓடினேன். கடவுளே தந்த சந்தர்ப்பம் அல்லவா? கையைப் பிடித்து அழைத்துப் போய்ச் செடி முன்னால் நிறுத்தினால் போதும். நான் ஒரு வார்த்தை பேச வேண்டாம். அவள் கண்ணே எல்லாவற்றையும் படித்துக்கொள்ளும்.

படித்துக்கொள்ளும்... அதுதான். செடி எங்கிருந்து வந்தது என்று கேட்பாள். அடுத்த கணமே என்னை நிமிர்ந்து பார்ப்பாள்.

இரண்டு கையாலும் அடித்தண்டைப் பிடித்து இழுத்தேன். எளிதில் வரவில்லை. வேர் ஆழமாகப் போயிருந்தது. நான் இழுக்க இழுக்கக் காய்கள் எல்லாம் ஒன்றாகக் கிலுகிலுத்தன. அந்தச் சத்தம் தெருவரை கேட்டிருக்கும். வேரோடு பிடுங்கிக் கால்வாயில் எறிந்தேன். ஓடும் தண்ணீர் இழுத்துக்கொண்டு போயிற்று.

ஆனால் எறிவதற்கு முன் காய்களை ஒடித்துக்கொண்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். கை தானாக ஒடித்தது. காய்ந்தது, காயாதது, பச்சை எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தகர டப்பாவில் திணித்து, மூடியை அழுத்தி, அலமாரியில் வைத்தபோது வாசலில் செருப்புச் சத்தம்.

தேன்மொழி இளைத்திருந்தாள். தண்ணீர் குடித்தாள். கைகழுவப் பின்பக்கம் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"இன்னாபா, புதுசா பள்ளம்?"

"களை. இப்பதான் புடுங்கினேன்."

அவள் அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓர் இலை கிடந்தாலும் போதும், குனிந்து எடுப்பாள். ஒன்றும் கிடக்கவில்லை போலும். உள்ளே வந்து உட்கார்ந்து, கைப்பையிலிருந்து எதையோ எடுத்து மேசையில் வைத்தாள். அவளுடைய லென்ஸ்.

"உன் ஸ்டூடண்ட்ஸ்க்குக் குடு. என்னாண்ட சும்மா கீது."

வேலை எப்படிப் போகிறது என்று கேட்டேன். எதையாவது கேட்க வேண்டுமே! அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். அந்தப் பேச்சு என் காதில் இன்னும் இருக்கிறது.

"லைன் லீடராப் போடறேன்னாங்க. வேணான்ட்டேன். ஒரு பீஸ்ல கீறல் கீதுன்னா, பக்கத்துல கீறவளக் கூப்ட்டு, உனக்கும் தெரியுதான்னு கேட்டுட்டுதான் ரிஜெக்ட்ல போடுவேன். நான் பாத்தா மட்டும் எனக்குப் பத்தாது முத்து. அன்னிக்கு அவ்ளோ தெளிவாப் பாத்தேன்ல, மூட்டு கீதுன்னு? அதுவே இல்லன்னு ஆயிடுச்சி. அதுலேர்ந்து என் கண்ண நானே நம்பறதில்ல."

அப்போது தெருவில் ஆலைப் பேருந்து ஒன்று கடந்தது. ஜன்னல் அதிர்ந்தது. அலமாரிக்குள் டப்பா கிலுகிலுத்தது.

"இன்னாது அது?"

"பருப்பு டப்பா."

தலையாட்டினாள். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு பழைய வலியைக் கடைசியாக ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிடலாமென்று கேட்டாள்.

"ஒரே ஒரு தபா சொல்லிடு. நான் குடுத்த விதையதான் நாம போட்டோம்? டப்பா கிப்பா மாறிடலல்ல? மாறலன்னு சொன்னா நிம்மதியா வுட்டுடுவேன்."

உண்மை சொல்வதற்கான கதவு அதுவாகத் திறந்துகொண்டது. எவ்வளவு அகலமாகத் திறந்தது! 'மாறிவிட்டது' என்ற ஒரே சொல். நான் மாற்றினேன் என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை. தெரியாமல் மாறிவிட்டது என்று கோழைத்தனமாகச் சொல்லியிருந்தாலும் அவள் கண்கள் அவளுக்குத் திரும்பக் கிடைத்திருக்கும்.

"மாறல. நீ தந்த வெததான்" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது! "போதும்பா" என்றாள். எழுந்தாள். வாசல்வரை போனேன். தெருக்கோடியில், மின்கம்பத்தடியில் நான் பரப்பிய தேரிக்காட்டுச் செடி பூத்து நின்றது. போகிற போக்கில் அவள் கை நீண்டது, பழக்கத்தில் ஓர் இலையைத் திருப்பப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நடந்து போய்விட்டாள்.

அவளை அப்படிக் கையை இழுத்துக்கொள்ள வைத்தவன் நான். இந்த ஒரு காட்சிக்காகத்தான் இவ்வளவும் எழுதினேனோ என்னவோ.

இப்போது உங்களுக்குக் கோபம் வரும். "டப்பாவில் விதை இருக்கிறதல்லவா? இன்றைக்கே கொண்டுபோய்க் கொடேன்!" என்பீர்கள். நானும் எனக்கு அதைத்தான் சொல்லிக்கொள்கிறேன். அந்த விதையைத் தேன்மொழி கையில் கொடுத்தால், அவள் எங்கே வேண்டுமானாலும் விதைக்கட்டும், மூன்று இலையோடு முளைத்து, மூட்டோடு வளர்ந்து நிற்கும். அவள் பார்த்தது சரி என்று யாரும் சொல்லத் தேவையில்லை. உலகில் வேறெங்காவது அந்தச் செடி மிஞ்சியிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. நான் தேடிய இடத்திலெல்லாம் இல்லை. என் அலமாரியில் மட்டும் இருக்கிறது.

நாளைக்குக் கொடுப்பேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொடுப்பேன். இந்தப் பருவம் முடியட்டும், கொடுப்பேன்...

ஆனால் ஒன்றை உங்களிடம் அழுத்திச் சொல்லாமல் விட்டேன். அன்றைய அவசரத்தில் காய்களை நான் உலர்த்தவில்லை. பச்சையும் ஈரமுமாக உள்ளே திணித்து மூடினேன். முதல் தடவை செய்த அதே தவறு. அந்த மூடியை இன்னும் நான் திறக்கவில்லை. திறந்தால் நல்ல விதை இருக்கலாம். இருந்தால் நான் பிள்ளைப்பாக்கத்துக்குப் போய்த்தான் ஆகவேண்டும். மாவாகக் கிடக்கலாம், கிடந்தால்... அந்த எண்ணம் வந்ததும் மனசுக்குள் ஓர் ஓரம் இலேசாவதை நான் அறிவேன். அந்த ஓரத்தை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

முதலில் பேருந்து போகும்போது மட்டும்தான் டப்பா சத்தம் போடும். இப்போது அப்படி இல்லை. கிலுகிலுப்பும் இல்லை இது, மெல்லிய கரகரப்பு. உள்ளே ஏதோ நகர்கிறது, நிற்கிறது, மறுபடி நகர்கிறது. என்ன சத்தம் என்று எனக்குத் தெரியும். முன்பொருமுறை டப்பாவைத் திறந்து பார்த்தவன் அல்லவா நான்?

நண்பகல். வரிசையில் எல்லோரும் தூங்குகிறார்கள். மேசையில் தேன்மொழியின் லென்ஸ் இருக்கிறது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அலமாரிக்குள் அந்தச் சத்தம் கேட்கிறது. தெருவில் பேருந்து எதுவும் போகவில்லை. நான் இன்னும் எழுந்திருக்கவில்லை.